யாளி வாய்க்குள் ஓர் உருண்டை: தேர்ப் பட்டறையில் பார்த்த வேலை

காவிரிக்கரையான்:

எங்கள் ஊர்க் கோயிலுக்குப் புதுத் தேர் செய்துகொண்டிருக்கிறார்கள். பழைய தேர் வெயிலிலும் மழையிலும் நின்று நின்று அடிப் பாரெல்லாம் (பார் என்றால் தேரின் அடுக்கு) உளுத்துவிட்டது. தேரடியை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை போட்டு எட்டு மாதமாக வேலை நடக்கிறது. கடந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நான் அங்கேதான் இருந்தேன். படம் எடுக்க வேண்டாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார். கண் திறக்காத உருவத்தைப் படம் பிடிக்க விடுவதில்லை என்பது அவர் வழக்கம். அதனால் பார்த்ததை எழுதுகிறேன்.

பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு அடிக்குக் கொஞ்சம் கூடுதலான இலுப்பைக் கட்டை ஒன்று மடியில் சாய்ந்தபடி இருக்கிறது. இரண்டு பாதங்களாலும் அதைப் பிடித்துக்கொள்கிறார். வலப்பக்கம் முப்பதுக்குக் குறையாத உளிகள், வாய் எல்லாம் ஒரே திசையில். கையை நீட்டுகிறார், வேண்டிய உளி கையில் வந்துவிடுகிறது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்து எடுக்கவில்லை.

கட்டை யாளியாகிக்கொண்டிருக்கிறது. தேரின் மூலையில் நிற்கப்போகும் யாளி. இடது பாதியில் பிடரி மயிர் சுருள் சுருளாக வந்துவிட்டது. வலது பாதி இன்னும் வெறும் மேடு பள்ளம்தான். நடுவில் ஒரு பென்சில் கோடு, உச்சி முதல் கால்வரை. செதுக்கச் செதுக்க அந்தக் கோடு போய்விடும். போன இடத்தில் உடனே திரும்பப் போடுகிறார். ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு முறை போட்டிருப்பார்.

நான் எழுத வந்தது அதன் வாயைப் பற்றி. கோயில் தூண் யாளிகளின் வாயில் கல் உருண்டை இருக்குமே, விரலை விட்டால் சுழலும், வெளியே எடுக்க முடியாது. அதையே மரத்தில் செய்கிறார். இரண்டு கடைவாயிலும் துளை போட்டு, பல் இடுக்கு வழியாக மெல்லிய உளியை நுழைத்து உள்ளே இருக்கும் மரத்தைத் துணுக்குத் துணுக்காக எடுக்கிறார். உள்ளே உருண்டை தெரிகிறது. ஆனால் அசையவில்லை.

"உருண்டை எப்போ சுத்தும் ஐயா?" என்று கேட்டேன்.

"அது இன்னும் பிறக்கல தம்பி. பின்னால ஒட்டிக்கிட்டு இருக்கு."

அதற்குமேல் பேசவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. இங்கே மரவேலை தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள். எந்த மரத்தை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரிகிறது?

—

மரவாசம்:

ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. உருண்டை தனியாகிவிட்டால் உளி பட்டதும் நழுவும், திரும்பும். நழுவுகிற பொருளைச் செதுக்க முடியாது. அதனால் முதுகுப் பக்கம் ஒரு விரல் கனம் மரத்தை விட்டுவைத்து, உருண்டையை முழுக்க உருட்டி முடித்து, கடைசியாகத்தான் அந்தக் காம்பை வெட்டுவார்கள். வெட்டிய இடத்தைப் பல் இடுக்கு வழியாகவே தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். பற்களின் இடைவெளியைவிட உருண்டை பெரிதாக இருக்க வேண்டும், உள் அண்ணத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். அரை நூல் பிசகினால் ஒன்று விழுந்துவிடும், இல்லையென்றால் சுழலாது.

மரம் காய்ந்ததா என்று கேட்டீர்களா? பச்சை மரமாக இருந்தால் பிற்பாடு காயும்போது கோணி, உருண்டை சிக்கிக்கொள்ளலாம்.

—

காவிரிக்கரையான்:

கேட்டேன். மூன்று வருடம் நிழலில் கிடந்த மரமாம். வெட்டுவாயில், அதாவது கட்டையை அறுத்த முனையில், மெழுகு பூசி வைத்திருக்கிறார்கள். மரம் அந்த வழியாகத்தான் வேகமாகக் காயும், அங்கேதான் முதலில் வெடிக்கும் என்றார். வெளிறு (வெளிப்பக்க இளமரம்) முழுவதையும் வாச்சியால் கழித்துவிட்டு வைரத்தை (நடுவில் இருக்கும் முற்றிய மரத்தை) மட்டும்தான் சிலைக்கு எடுக்கிறார்கள். பாதி மரம் அடுப்புக்குப் போகிறது.

—

பச்சைமலை:

அரும்பாவூரிலிருந்து எழுதுகிறேன். பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் மரச் சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த வருடம் கள்ளக்குறிச்சிக்கும் கிடைத்தது. எங்கள் வீட்டில் தாத்தா, அப்பா, அண்ணன் மூவரும் இந்த வேலைதான். உளி பிடித்துப் பழகாவிட்டாலும் வரைவதும் எண்ணெய் போடுவதும் சின்ன வயதிலிருந்தே என் பொறுப்பு. எங்கள் பக்கம் வாகைதான் அதிகம். தேர் வேலை என்றால் இலுப்பை.

எதை விட வேண்டும் என்று எப்படித் தெரியும் எனக் கேட்டீர்கள். அப்பா எங்களுக்குச் சொல்லித் தந்தது மூக்கு நுனியிலிருந்து. முகத்தில் அதைவிட முன்னால் நிற்பது எதுவும் கிடையாது. அந்த ஒரு புள்ளிக்கு மை வைத்துவிடுவார். கடைசிவரை அதை யாரும் தொடக் கூடாது. அங்கிருந்து நெற்றி எவ்வளவு பின்னால், கன்னம் எவ்வளவு பின்னால், காது எவ்வளவு பின்னால் என்று பள்ளத்தைக் கணக்குப் பண்ணி இறங்குவார்கள். முதல் இரண்டு நாள் பார்த்தால் முகமே தெரியாது, படிக்கட்டு மாதிரி இருக்கும். யாளி என்றால் மூக்குக்குப் பதில் தும்பிக்கையோ மேலுதடோ முன்னால் வரும். முறை அதேதான்.

புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. கண்ணையோ உதட்டையோ முதலில் அழகாக முடித்துவிடுவார்கள். அப்புறம் கன்னத்தை இறக்கும்போது கண் மேட்டில் நிற்கும். அழகான கண்ணை வெட்டி எறிய மனசு வராது. அந்தச் சிலை அவ்வளவுதான். பெரியவர் மயிர்ச்சுருளை முடித்துவிட்டு முகத்தை அப்படியே வைத்திருக்கிறார் என்றால், இடது பக்கம் எங்கே நிற்கிறது என்று பார்த்து வலது பக்கத்தை இறக்குவதற்காக இருக்கும். உங்கள் பென்சில் கோடு அதற்குத்தான். அது போய்விட்டால் இரண்டு பாதியும் இரண்டு யாளியாகிவிடும்.

—

கணக்கு வாத்தியார்:

நல்ல இழை. அளவு பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். சிற்ப மரபில் உருவத்துக்கு உருவம் தாலக் கணக்கு உண்டு. ஒரு தாலம் என்பது 12 அங்குலம், ஏறத்தாழ ஒரு முக நீளம். இந்த அங்குலம் நம் ஸ்கேல் அங்குலம் அல்ல, அந்தந்தச் சிலைக்குள்ளேயே பிறக்கிற அளவு. சிவன், விஷ்ணு போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், பத்துத் தாலத்துக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக மொத்தம் 124 அங்குலம். பிள்ளையாருக்கு ஐந்து தாலம். அதனால்தான் அவர் எந்த ஊரில், எந்தப் பொருளில் செய்தாலும் குள்ளமாகத் தெரிகிறார்.

சுவாமிமலை வார்ப்புச் சிற்பிகள் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலை நறுக்கு ஒன்றை வெட்டி, அதையே மடித்து மடித்து அளவு பிரிப்பார்கள். உங்கள் பெரியவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்.

—

காவிரிக்கரையான்:

அதே ஓலைதான் ஐயா! அவர் பக்கத்தில் கிடந்ததை நான் குப்பை என்று நினைத்தேன். மடிப்பு மடிப்பாக இருந்தது. இப்போதுதான் புரிகிறது.

—

தேம்ஸ் கரை:

லண்டனில் இருக்கிறேன். இதைப் படித்ததும் சவுத் கென்சிங்டனில் இருக்கும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு மறுபடி போய்வந்தேன். கிரின்லிங் கிப்பன்ஸ் என்ற மரச்சிற்பி (1648–1721) செதுக்கிய கழுத்துப்பட்டி ஒன்று அங்கே இருக்கிறது. வெனிஸ் லேஸ் துணி மடிந்து தொங்குகிறது போல, முழுக்க லைம் மரத்தில் (எலுமிச்சை இல்லை, லிண்டன் என்றும் சொல்லும் மரம்). 1769இல் ஹொரேஸ் வால்போல் என்பவர் விருந்தாளிகளை வரவேற்க அதை நிஜமாகவே கழுத்தில் கட்டிக்கொண்டு நின்றாராம். லேஸின் கண்ணிகள் வழியாக அடுத்த பக்கம் தெரிகிறது.

அது முடிந்த பொருள். எத்தனை முறை பார்த்தாலும் எங்கே தொடங்கினார் என்று எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் பாதியில் பார்க்கிறீர்கள், அது பெரிய கொடுப்பினை. தயவுசெய்து ஒவ்வொரு வாரமும் எழுதுங்கள்.

—

மரவாசம்:

லைம் மரம் மிருதுவானது, ரேகை சீரானது, எந்தத் திசையில் உளி போனாலும் பெரிதாகப் பிசிறடிக்காது. இலுப்பை அப்படி இல்லை. கனம், கடினம், ரேகையும் பின்னிக்கொண்டு போகும். எதிர் ரேகையில் உளி வைத்தால் சில்லாகப் பெயர்ந்துவிடும். ஆனால் பூச்சி எளிதில் அண்டாது, தெருவில் நின்று ஊர் சுற்றுகிற தேருக்கு அதுதான் தாங்கும். "ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று பூவைக் கொஞ்சம் இறக்கித்தான் சொல்லிவைத்திருக்கிறார்கள். மரத்தை யாரும் இறக்கிச் சொன்னதில்லை.

இப்போது ஒரு கேள்வி, சண்டைக்காக அல்ல. நான் நாற்காலி, கதவு செய்கிற பட்டறை வைத்திருக்கிறேன். கணினி சொல்படி செதுக்கும் சிஎன்சி இயந்திரமும் இருக்கிறது. யாளி வாயெல்லாம் அதனால் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். எங்களிடம் இருப்பது மேலிருந்து கீழே இறங்கித்தான் வெட்டும். காதுக்குப் பின்னால், கைக்கும் இடுப்புக்கும் நடுவில், பல்லுக்கு உள்ளே போக அதற்கு வழி இல்லை. ஆனால் ஒரு தேரைச் சுற்றி எத்தனை அடி தாமரை இதழ் வரிசை, மணிக்கோவை, கொடிக்கருக்கு ஓடுகிறது! எல்லாம் ஒரே மாதிரி. அதை இயந்திரத்தில் ஓட்டிவிட்டால் பெரியவர் கை முழுவதும் உருவங்களுக்குக் கிடைக்குமே. அவருக்கு வயது எழுபது. இன்னும் எத்தனை யாளி செய்வார்?

—

நல்லூரான்:

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கள் நல்லூரில் கொடியேறி 24ஆம் நாள் தேர். சின்ன வயதில் அப்பா தோளில் இருந்து பார்த்தால் முதலில் தெரிவது அலங்காரத் துணியும் குடையும்தான். செதுக்கு வேலையைப் பார்ப்பதென்றால் திருவிழா இல்லாத நாளில் போக வேண்டும், தேர்முட்டிப் படியில் ஏறி நின்று.

மரவாசம் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். கொஞ்ச விலை வித்தியாசமா? ஊர்க் கோயில்களுக்கு அது பெரிய விசயம்.

—

பச்சைமலை:

மரவாசம் அண்ணா, நீங்கள் அக்கறையோடுதான் கேட்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்தது. அண்ணன் உங்கள் கட்சி. நான் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் அண்ணன் முதல் இரண்டு வருடம் தாமரை இதழ் மட்டும்தான் வெட்டினான். வேறு எதையும் தொட அப்பா விடவில்லை. ஓர் இதழுக்குள் எல்லாமே இருக்கிறது. நடுவில் மேடு, இரண்டு பக்கம் சரிவு, நுனியில் திரும்பல், அடியில் அடுத்த இதழுக்கு இறங்குகிற பள்ளம். சரிவில் ரேகையோடு போக வேண்டும், நுனியில் ரேகைக்குக் குறுக்கே திரும்ப வேண்டும். உளியை எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்று கை கற்றுக்கொள்வது அங்கேதான். நூறு இதழ் வெட்டியவனுக்குத்தான் ஒரு கன்னம் வரும். கன்னமும் அதே சரிவுதான்.

அந்த வரிசையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் பெரியவருக்கு நேரம் கிடைக்கும், சரி. பதினைந்து வயதுப் பையன் எதில் கை பழகுவான்? நேரே யாளியிலா? மூன்று வருடம் காய்ந்த மரத்தை அவனிடம் யார் கொடுப்பார்கள்? பெரியவர் எத்தனை யாளி செய்வார் என்று கேட்டீர்கள். அவருக்குப் பிறகு செய்கிறவன் இப்போது இதழ் வெட்டிக்கொண்டிருக்க வேண்டும் அண்ணா.

மாமல்லபுரத்தில் அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி 1957 முதல் இருக்கிறது. அங்கே படித்தவர்கள் எங்கள் ஊருக்கும் வருகிறார்கள், வரைகோடு அருமையாக இருக்கும். அவர்களும் பட்டறையில் வந்து உட்கார்ந்ததும் முதலில் கையில் எடுப்பது இதழைத்தான்.

—

மரவாசம்:

இதை நான் யோசிக்கவில்லை. என் கடையில் உளி பிடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் உளி பிடித்துப் பழகுவதற்கு வேலையே இல்லை என்பது இப்போதுதான் படுகிறது.

—

கணக்கு வாத்தியார்:

திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு சேர்த்து 96 அடி உயரம், எடை ஏறத்தாழ 300 டன். அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் செய்து பூட்டியது. கூட்டத்தின் நடுவே போகிற தேரைச் சொன்ன இடத்தில் நிறுத்த அது தேவைப்பட்டது. பழையபடி முட்டுக்கட்டையும் கூடவே போகிறது. ஆகவே இயந்திரமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எதை அதனிடம் கொடுக்கிறோம் என்பதில்தான் பேச்சு.

—

காவிரிக்கரையான்:

நேற்று மறுபடி போனேன். பச்சைமலை எழுதியதைப் படித்துவிட்டுப் போனதால், முதலில் யாளியைப் பார்க்கவில்லை. கொட்டகையின் பின்பக்கம் ஒரு பையன் உட்கார்ந்து இதழ் வெட்டுகிறான். மூன்று வாரம் அவனைத் தாண்டித்தான் நடந்து போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை.

எட்டடி நீளப் பலகை. இடது முனையில் முதல் இதழ். மேடு தட்டை, ஒரு பக்கச் சரிவு செங்குத்து, நுனியில் பிசிறு. பத்தாவது இதழில் பிசிறு இல்லை. இருபதாவதுக்குப் பக்கத்தில் இரண்டு சரிவும் ஒன்றுபோல ஆகிவிட்டன. அதற்கு அப்புறம் ஓரிடத்தில் திடீரென்று மோசமாக இருந்தது. "அன்னிக்கு உளி சரியா தீட்டலண்ணே" என்றான். அங்கிருந்து ஒரு கை தள்ளிப் போனால் நுனி அப்படியே காற்றில் மடங்கின மாதிரி திரும்புகிறது. கடைசி நாலு இதழும் பெரியவர் வெட்டியது என்றே நினைத்தேன். அவனுடையதுதான். ஒரு பையனின் ஒன்றரை மாதம் அந்தப் பலகையில் இடமிருந்து வலமாக இருக்கிறது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உப்புத்தாள் எங்குமே இல்லை என்பதையும் அங்கேதான் கவனித்தேன். உளி வாயிலிருந்து வந்த பளபளப்பு அப்படியே நிற்கிறது. பையன் ஒரு இதழ் வெட்டுவான், எழுந்து சாணைக்கல்லுக்குப் போவான், வருவான். தீட்டுகிற நேரம் வெட்டுகிற நேரத்துக்குக் குறைவில்லை.

"இந்த முதல் இதழ்களை மாற்றிவிடுவார்களா?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

"எதுக்கு? அதுவும் தேருதான். அடிப் பார்ல பின்பக்கமா போகும்" என்றார். பிறகு அவராகவே ஒன்று சொன்னார். தேரின் பார்கள் மேலே போகப் போக வெளியே நீட்டிக்கொண்டு வரும். மேல் பாரில் இருக்கிற உருவம் கீழே நிற்கிறவனைக் குனிந்து பார்க்கிற மாதிரி அமையும். அதனால் மேல் வரிசை முகங்களை மடியில் வைத்துப் பார்த்தால் நெற்றி தூக்கலாக, தாடை உள்வாங்கித் தெரிகிறது. தரையில் வைத்து அழகு பார்க்கக் கூடாதாம். பிட்சாடனர் (பிச்சை ஏற்கும் கோலத்துச் சிவன்) சிற்பம் ஒன்றை எடுத்துக் கம்பத்தின் உச்சியில் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, என்னைக் கீழே உட்காரவைத்துக் காட்டினார். முகம் சரியாகிவிட்டது.

உருண்டை இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

—

தேம்ஸ் கரை:

பலகையைப் பற்றி எழுதியதை மூன்று முறை படித்தேன். எந்த அருங்காட்சியகத்திலும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

—

நல்லூரான்:

எண்ணெய் பற்றிக் கேட்கலாமா? எங்கள் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் பழைய தேருக்கு வார்னிஷ் கனமாக அடித்தார்கள். இரண்டு வருடத்தில் பள்ளமெல்லாம் அழுக்கு ஏறி, மயிர்ச்சுருள் எது, கொடி எது என்று தெரியவில்லை.

—

பச்சைமலை:

செதுக்கின மரத்துக்குக் கனமான வார்னிஷ் வேண்டாம் என்பது எங்கள் வீட்டு அனுபவம். பள்ளத்தில் தேங்கி நிற்கும், கூர்மையெல்லாம் மழுங்கிவிடும், பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும், அப்போது சிற்பமும் கூடவே போகும். எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்து, காயவிட்டு, திரும்பத் தேய்ப்போம். ஒரே நாளில் முடிக்க நினைக்கக் கூடாது. திருவிழா முடிந்ததும் தூசியைப் பன்றிமுடி தூரிகையால் தட்டிவிட்டுத்தான் அடுத்த பூச்சு. மேலே கூரையும் வேண்டும். தகரம் என்றால் காற்று போக இடம் விட்டுப் போடச் சொல்லுங்கள்.

—

காவிரிக்கரையான்:

இன்று காலை ஏழு மணிக்குப் பையன் போன் செய்தான், "ஐயா வரச் சொன்னாரு" என்று. அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு ஓடினேன்.

யாளி முழுதாக நின்றது. வலது பாதியும் வந்துவிட்டது. பென்சில் கோடு நெற்றியில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு மிச்சம். பெரியவர் கட்டையைக் குப்புறச் சாய்த்து, வாயை வெளிச்சத்துக்குத் திருப்பி, எழுத்தாணி போல ஒல்லியான உளி ஒன்றைக் கடைவாய் வழியாக உள்ளே விட்டார். கொட்டாப்புளியை (உளியைத் தட்டும் மரச் சுத்தியலை) எடுக்கவில்லை. உள்ளங்கையால்தான் தள்ளினார். கொட்டகையில் மற்ற எல்லா உளியும் நின்றுவிட்டது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பத்து நிமிடம் இருக்கும். ஒரு சின்ன முறிவுச் சத்தம். பிறகு மரத்துக்குள் மரம் உருளுகிற சத்தம்.

பெரியவர் யாளியை இரண்டு கையாலும் தூக்கி ஒருமுறை ஆட்டினார். பையனிடம் கொடுத்தார். அவன் ஆட்டிவிட்டு என்னிடம் கொடுத்தான். விரலை விட்டேன். உருண்டையின் பின்பக்கத்தில் காம்பு வெட்டின இடம் மட்டும் சொரசொரப்பாக இருந்தது. அதைத் தேய்க்க இன்னும் இரண்டு நாள் ஆகுமாம்.

இன்னும் மூன்று மூலைக்கு மூன்று யாளி பாக்கி. சிற்பங்களை எல்லாம் கழுந்து (துளையில் செருகும் முனை) வைத்துப் பார்களில் பூட்டிய பிறகுதான் கண் திறப்பு, அதற்கு அப்புறம் வெள்ளோட்டம். நாள் குறித்ததும் இங்கேயே எழுதுகிறேன். பச்சைமலை, உங்கள் அண்ணனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், நம் வீட்டில் தங்கலாம்.

—

மரவாசம்:

நானும் வருகிறேன். அந்தப் பலகையைப் பூட்டுவதற்கு முன்னால் ஒருமுறை பார்க்க வேண்டும். பின்பக்கம், அடிப் பார் என்றுதானே சொன்னார்?

—

காவிரிக்கரையான்:

ஆமாம் அண்ணா. குனிந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்த ஞாயிறே வாருங்கள், இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது.